முதல் தடவை சிம்பனி கேட்கப் போகிறவருக்கு

நான் மட்டக்களப்பில் வடமோடிக் கூத்துக்கு (எங்கள் ஊர் நாட்டுக்கூத்து வகை) மத்தளம் அடிக்கிறவன். கொழும்பில் ஒரு சிம்பனிக் கச்சேரிக்கு (பெரிய மேற்கத்திய வாத்தியக்குழு வாசிக்கும் நீண்ட இசை) ரிக்கெற் கிடைத்தது. இரவு ரயிலேறிப் போனேன். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனி. முதல் பகுதி முடிந்ததும் தனியாளாகக் கைதட்டினேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஆகவே கைதட்டலை முதலில் முடித்துவிடுவோம். சிம்பனிக்குப் பெரும்பாலும் நான்கு பகுதி. இடையில் நிறுத்துவார்கள், அப்போது இருமலாம், தட்டக்கூடாது. நடத்துநர் (பஸ்ஸில் வருபவர் இல்லை, கோல் பிடிப்பவர்) கையைக் கீழே விட்டு நம் பக்கம் திரும்பட்டும். பீத்தோவன் காலத்து ஆட்கள் இடையிலேயே தட்டினார்களாம். நான் 200 வருடம் பிந்திவிட்டேன், அவ்வளவுதான்.

போவதற்கு ஒரு வாரம் முன்பே அந்த ஐந்தாம் சிம்பனியைப் போனில் போட்டுக் கேளுங்கள். மொத்தம் 35 நிமிடமளவில் வரும், ஒரே இருப்பில் வேண்டாம். முதல் பகுதி ஏழெட்டு நிமிடம்தான். நான் கல்லடிப் பழைய பாலத்தில் மாலை நடக்கும்போது அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அதன் தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்த 'த-த-த-தாம்'. சரி, அதை முழங்காலில் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் பிழைக்கும். தாளம் விழும் இடத்தில் சத்தமே கிடையாது. ஓர் அடி அடியுங்கள், அடித்த கையோடு த-த-த, அடுத்த அடியில் தாம். எடுப்பு, அதாவது இசை தொடங்கும் இடம், தாளத்துக்குப் பின்னால் கிடக்கிறது. மேடையில் கோல் இறங்குகிறது, ஒரு கணம் ஒன்றுமில்லை, பிறகுதான் வயலின்களும் மற்றத் தந்திகளும் கிளாரினெட்டும் பாய்கின்றன. அந்த ஒன்றுமில்லாத கணத்தைப் பிடித்துவிட்டால் மத்தளக்காரனுக்கு ரிக்கெற் காசு வந்துவிட்டது.

இருக்கை எடுக்கும்போது பின்வரிசைக் கலைஞர்கள் தெரிகிற மாதிரிச் சற்று உயரத்தில் எடுங்கள். அங்கே ட்ரோம்போன்காரர் (குழாயை இழுத்துத் தள்ளி ஊதும் பித்தளைக் கருவி) மூன்று பேர் இருப்பார்கள். முதல் மூன்று பகுதியிலும் அவர்களுக்கு வேலையே இல்லை. 20 நிமிடத்துக்கும் மேல் சும்மா இருக்க வேண்டும். விடியப்புறம் களரிக்கு வரவேண்டிய கூத்தர் உடுப்புக் கட்டிக்கொண்டு ஓரத்தில் காத்திருப்பாரே, அதே முகம். ஒருவர் லேஞ்சியால் குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் பகுதி முடிவில் தந்திகள் மெல்ல இழுக்க, டிம்பனி என்ற பெரிய முரசு அடித்தொண்டையில் தட்டிக்கொண்டிருக்கும். அப்போது அவர்களைப் பாருங்கள், கருவி வாய்க்குப் போகும். நிறுத்தாமலே நான்காம் பகுதி வெடிக்கும். அதுதான் அவர்களுடைய வரவு.

1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் இது முதன்முதல் அரங்கேறியபோது, ஆறாம் சிம்பனியும் வேறு பலதும் சேர்த்துக் குளிர் மண்டபத்தில் நான்கு மணிநேரம் போனதாம். விடிய விடியக் கூத்துப் பார்க்கிற நமக்கு அது ஒரு கணக்கா?

அப்புறம், கடைசி நிமிடம் கவனம். முடிந்துவிட்டது, முடிந்துவிட்டது என்று பல தடவை ஏமாற்றும். இரண்டாம் முறை போனபோது கையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதிரைப் பெரியவர் தட்டிவிட்டார்.