கோத்தகிரியிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு

ஆகஸ்ட் மாத விடுமுறையில் நான் கோத்தகிரிக்கு வந்தால், எங்கள் வீட்டு முன்னறையில் யாராவது இரண்டு பேர் சான்றிதழ் ஃபைலோடு காத்திருப்பார்கள். குன்னூர், மஞ்சூர், கூடலூர் பக்கத்துப் பிள்ளைகள். அக்டோபரில் ஜெர்மனியின் ஏதாவது ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேரப் போகிறவர்கள். அவர்கள் முதலில் கேட்பது ஸ்வெட்டரைப் பற்றி. நான் முதலில் சொல்ல விரும்புவது தேர்வுப் பதிவைப் பற்றி.

நான் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் படித்தவள். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கினால் எங்கள் பேராசிரியர் வகுப்பில் வந்து சொல்வார். கட்டாதவர்களைப் பெயர் சொல்லி எழுப்பிக் காரணம் கேட்பார். இரண்டு நாள் வராவிட்டால் பஸ் நடத்துநரே, “என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்று விசாரிப்பார். அந்தப் பழக்கத்தோடு ஜெர்மனி போனேன். முதல் பருவத்தில் ஒரு பாடத்துக்கு ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. பிப்ரவரியில் தேர்வு மண்டப வாசலில் ஒட்டியிருந்த பட்டியலில் என் எண் இல்லை. வகுப்பில் சேர்ந்தது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு, அந்தப் பதிவு டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்பதெல்லாம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தேர்வு மறுபடி வர ஆறு மாதம் ஆனது.

யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. எல்லாம் பல்கலைக்கழக இணையதளத்தில் எழுதித்தான் இருந்தது. ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 40,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். மியூனிக்கின் லுட்விக் மாக்ஸிமிலியன் பல்கலைக்கழகத்தில் 50,000 பேருக்கு மேல். கோத்தகிரி நகரத்தில் இருக்கும் மொத்த மக்களைவிட அதிகம். அத்தனை பேரில் ஒருவர் வரவில்லை என்பதை யார் கவனிப்பார்கள்? வருகைப்பதிவே பெரும்பாலான விரிவுரைகளில் கிடையாது.

ஆகவே போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இரண்டு ஆவணங்களைத் தரவிறக்கி வையுங்கள். ஒன்று உங்கள் படிப்புக்கான தேர்வு விதிமுறை, ‘ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்’. மற்றொன்று பாடங்களின் விவரக் கையேடு. ஜெர்மன் மொழியில்தான் இருக்கிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள். அகராதியை வைத்துக்கொண்டாவது வரி வரியாகப் படியுங்கள். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை பதியலாம், எந்த நாள் வரை விலகலாம், தோற்றால் எத்தனை முறை எழுதலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பல படிப்புகளில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுத முடியும். மூன்றாவது முறையும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கப்படலாம். அதே பாடத்தை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் கடினமாகிவிடும். இங்கே அரியர் வைத்து அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்த மனநிலையை அங்கே கொண்டுபோகாதீர்கள். பதிந்துவிட்டு, மருத்துவர் சான்று இல்லாமல் தேர்வுக்குப் போகாமல் இருந்தாலும் அது தோல்விக் கணக்குதான்.

மதிப்பெண் தலைகீழாக இருக்கும்: 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி. இங்கே எப்போதும் எண்பத்தைந்துக்கு மேல் வாங்கிய பிள்ளை அங்கே முதல் தேர்வில் 2.7 வாங்கிவிட்டு அழுவதை நான் பார்த்திருக்கிறேன். அழ வேண்டிய மதிப்பெண் இல்லை அது.

ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட், இரண்டாண்டு முதுகலைக்கு மொத்தம் 120. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. வாரத்தில் வகுப்பு கொஞ்ச நேரம்தானே என்று மகிழ்ந்துவிட வேண்டாம். மிச்ச நேரம் நூலகத்துக்கும் பயிற்சித் தாள்களுக்கும் உரியது. விரிவுரையோடு ‘ஊபுங்’ என்ற பயிற்சி வகுப்பும் இருக்கும். சில பாடங்களில் பயிற்சித் தாள்களில் குறிப்பிட்ட அளவு புள்ளி எடுத்தால்தான் தேர்வு எழுதவே விடுவார்கள். பழைய வினாத்தாள்கள் வேண்டுமென்றால் ‘ஃபாக்ஷாஃப்ட்’ என்ற துறை மாணவர் மன்றத்துக்குப் போங்கள். பல இடங்களில் அவர்கள் அவற்றைச் சேர்த்து வைத்திருப்பார்கள். அந்த அறையில் முன்பின் தெரியாதவருக்கும் ஒரு கோப்பை காபி கொடுத்து வழி சொல்லும் பிள்ளைகளைச் சந்தித்தேன். அட்டவணையில் 10 மணி என்று இருந்து பக்கத்தில் ‘ட்ஸே டே’ (c.t.) என்ற இரண்டு எழுத்து இருந்தால் வகுப்பு 10.15-க்குத் தொடங்கும். ஆசிரியர் உள்ளே வரும்போது எழுந்து நிற்க வேண்டாம். விரிவுரை முடிந்ததும் எல்லாரும் மேசையை விரல் கணுக்களால் தட்டுவார்கள். அது அவர்களின் கைதட்டல்.

இனி நான் மிகவும் அக்கறையோடு சொல்ல நினைப்பது. நம் மலைப் பிள்ளைகளில் பலர் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். எங்கள் பாட்டி எஸ்டேட் ஆபீஸ் வாசலில், உள்ளே இருப்பவர் கூப்பிடும் வரை நின்றவர். பெரியவர்களிடம் நாமாகப் போய்க் கேட்பது மரியாதை இல்லை என்றுதான் எங்களை வளர்த்தார். அவர் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. அங்கேயும் நாம் அப்படியே பேராசிரியர் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறோம். உள்ளிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள். நாம் ஒதுங்கி நிற்பது அவர்கள் கண்ணுக்குப் பணிவாகத் தெரியாது; இந்தப் பிள்ளைக்குச் சந்தேகமே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு பேராசிரியருக்கும் வாரத்தில் மாணவர்களைச் சந்திக்கும் நேரம் உண்டு, ‘ஷ்ப்ரெக்ஷ்டுண்ட’ என்பார்கள். உங்களுக்காகவே ஒதுக்கிய நேரம் அது. மின்னஞ்சலில் உங்கள் பெயர், மாணவர் எண், பாடம், ஒரே ஒரு தெளிவான கேள்வி, இவை போதும். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள், தவறே இல்லை. ஜெர்மன் மொழியில் ‘ஸீ’, ‘டூ’ என்ற வேறுபாடு நம் ‘நீங்கள்’, ‘நீ’ போலத்தான். ஆசிரியரும் அலுவலகத்தாரும் ‘ஸீ’. உடன் படிக்கிறவர்கள் எல்லாரும், பத்து வயது மூத்தவரானாலும், ‘டூ’. அண்ணா, அக்கா சேர்க்காமல் பெயர் சொல்லி அழைக்க எனக்கு ஒரு பருவம் முழுக்க வாய் வரவில்லை.

வேலை பற்றி: 2024 மார்ச் முதல் நம் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். முதல் பருவத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. பிறகு தேடினால் துறையிலேயே கிடைக்கும் மாணவர் உதவியாளர் வேலையைத் தேடுங்கள். ‘ஹீவி’ என்பார்கள். சம்பளத்தோடு பேராசிரியரின் அறிமுகமும் கிடைக்கும்.

வீடு, காகிதம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அறையைக் கண்ணால் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல் முன்பணம் அனுப்பாதீர்கள். விடுதி அறைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமானது, அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. பெரிய நகரங்களில் அதற்கான நேரம் கிடைப்பதே அரிது, ஆகவே இங்கிருந்தே முன்பதிவு செய்யப் பாருங்கள். விசாவுக்காக ‘ப்ளாக்டு அக்கவுண்ட்’ என்ற முடக்குக் கணக்கில் போட்ட பணம், 2024 செப்டம்பர் முதல் உள்ள கணக்குப்படி ஆண்டுக்கு 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். முதல் மாதத்துக்குத் தனியாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். அது மோசடி இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம், உடன் தங்குபவர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம்.

கடிதம் என்றதும் இன்னொன்று. அங்கே தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார், கதவு எண் பெரும்பாலும் இருக்காது. பாஸ்போர்ட்டில் உங்கள் அப்பா பெயர் குடும்பப் பெயராக அச்சாகியிருந்தால் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் அந்தப் பெயருக்குத்தான் எழுதும். பெட்டியில் இரண்டு பெயரையும் ஒட்டுங்கள். வகுப்பிலும் அப்பா பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள், திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இப்போது குளிர். தலைகுந்தாவில் உறைபனியை மிதித்து வளர்ந்த நமக்குக் குளிர் அச்சமில்லை, ஸ்வெட்டர்களை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். நம்மை அசைத்துப் பார்ப்பது இருட்டு. நீலகிரியில் மார்கழியிலும் மாலை ஆறு வரை வெளிச்சம் இருக்கும். அங்கே டிசம்பரில் காலை எட்டு மணிக்குத்தான் விடியும், மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். நவம்பர் கடைசியில் காரணமில்லாமல் மனம் சோர்ந்தால் மதிய வெளிச்சத்தில் அரை மணி நேரமாவது நடங்கள். சோர்வு நீடித்தால் மாணவர் நல அமைப்பின் உளவியல் ஆலோசகரிடம் தயங்காமல் போங்கள். இன்னொரு வேறுபாடு: நாம் மேகம் உள்ளே வராமல் ஜன்னலை அடைத்து வைப்போம். அங்கே ஹீட்டர் போட்ட அறையில் தினமும் சில முறை ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றாட விட வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், அதன் செலவு நம் தலையில் விழும்.

தமிழ் கேட்க ஏங்கினால் ஈழத்தமிழர் கடைகளைத் தேடுங்கள். 1980-களிலிருந்து அங்கே குடியேறியவர்கள். ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் அவர்கள் எழுப்பியது. நான் முதல் தடவை கருவேப்பிலை வாங்கப் போன கடையில் அந்த அண்ணன் என் ஊரைக் கேட்டார். கோத்தகிரி என்றேன், பாட்டி 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர் என்றேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, பாட்டி எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று கேட்டார். அன்று கருவேப்பிலைக்குக் காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு எப்போது அழைப்பது என்று கூடலூர்த் தங்கை ஒருத்தி கேட்டாள். நீங்கள் போய் இறங்கும்போது நேர வேறுபாடு மூன்றரை மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னுக்கு வைப்பார்கள், அன்றிலிருந்து நாலரை. அங்கே மதியச் சாப்பாடு முடித்து இரண்டு மணிக்கு அழைத்தால் இங்கே மாலை ஆறரை. அம்மா இலை எடை போட்டு முடித்து, அடுப்பு மூட்டி உட்கார்ந்திருப்பார்.