நம்பகமான துப்பாக்கி: தேர்வில் நடக்கும் தவறுகள்

எந்தத் துப்பாக்கியை நம்பலாம் என்று கேட்டால், பதிலாக வருவது ஏதோ ஒரு மாடலின் பெயர்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. மாடலுக்கு நல்ல பெயர் இருக்கலாம். ஆனால் வாங்குகிறவர் கைக்கு வருவது வரிசை எண் பொறித்த ஒரே ஒரு துப்பாக்கி. அதோடு வரும் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), அதில் போடப்போகும் தோட்டா, இவற்றை இயக்கும் கை என எல்லாம் சேர்ந்து பிசகாமல் ஓடுகிறதா என்பதுதான் நம்பகம்.

1911இல் கோல்ட் நிறுவனத்தின் பிஸ்டலை ஏற்கும் முன் அமெரிக்க ராணுவம் 6,000 ரவுண்டு சுட்டுப் பார்த்தது. சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். அந்தப் பிஸ்டல் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. அதைச் சொல்லியே இன்றும் அந்த வடிவத்தை வாங்குகிறவர்கள் உண்டு. வேறு ஆலையில், வேறு இறுக்கத்தில், வேறு மேகசினோடு செய்த இன்றைய பிஸ்டலுக்கு அந்தப் பழைய சோதனை சான்றாகாது.

உரிமம் எந்த வகைக்கும் எந்தக் கேலிபருக்கும் (குழல் விட்ட அளவு) இடம் தருகிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அதேபோல, எதற்காக வாங்குகிறோம் என்பதும் முதலிலேயே முடிவாக வேண்டும். இலக்குப் பயிற்சிக்கு ஏற்றது இடுப்பில் சுமக்கக் கனக்கும். சுமக்க ஏற்றது பயிற்சிக்குக் கை நோகும். எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று தேடினால் எதற்கும் முழுதாகப் பொருந்தாத ஒன்றில்தான் போய் நிற்கும்.

சின்னது சுலபம் என்று நினைப்பது

புதிதாகச் சுடப் பழகுகிறவருக்குக் குட்டித் துப்பாக்கியைக் கைகாட்டுவது மிகப் பழைய தவறு. பார்க்கச் சாதுவாக இருக்கும், சுட்டால்தான் தெரியும். ஒரே தோட்டாவை 1 கிலோ துப்பாக்கியிலும் அரை கிலோ துப்பாக்கியிலும் சுட்டால், லேசான துப்பாக்கியின் உதை ஆற்றலில் ஏறக்குறைய இரட்டிப்பு. உதைக்குப் பயந்த கை, ட்ரிகரை இழுக்கும் கணத்திலேயே குழல்வாயைக் கீழே அமுக்கிவிடும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் உதறுவதற்கு மாதங்கள் ஆகும்.

உதையோடு முடிவதில்லை. குறிபார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சைட் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் குண்டு 10 செ.மீ. தள்ளிப் படும். இடைவெளி 15 செ.மீ. ஆனால் அதே பிசகு 7 செ.மீ.க்குள் அடங்கும். இரண்டு அங்குலக் குழல் கொண்ட லேசான ரிவால்வரை எடுத்துக்கொண்டால், ட்ரிகரை முழுதாக இழுக்க 5 கிலோவுக்கு மேல் விசை வேண்டியிருக்கும். துப்பாக்கியின் எடையோ அரை கிலோகூட இருக்காது. தன் எடையைப் போலப் பத்து மடங்கு இழுப்பை, அசையாமல் இழுக்க வேண்டும். இது தேர்ந்தவர் கையில் இருக்க வேண்டிய கருவி. பழகுகிறவருக்கு முழு அளவு பிஸ்டலோ உதை குறைந்த .22 ரிம்ஃபயர் துப்பாக்கியோதான் சரியான தொடக்கம்.

கைக்கு அளவு பார்க்காமல் வாங்குவது

எடுத்துப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்பது அளவு பார்த்ததாகாது. முதலில் மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) இழுத்துத் திறந்து, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். வரிசை மாறக் கூடாது. ஸ்லைடை இழுத்த பிறகு மேகசினைக் கழற்றினால், மேகசினின் மேல் தோட்டா அதற்குள் சேம்பருக்குள் ஏறியிருக்கும். காலி என்று நினைத்துச் சுட்ட விபத்துகளில் பல இப்படி நடந்தவைதான்.

பிறகு பிடி. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதை, பிடியின் பின்புறத்தில் மேல்முனை வரை ஏறி உட்கார வேண்டும். குழலும் முன்கையும் ஒரே கோட்டில் வரவேண்டும். அந்தப் பிடியை மாற்றாமலே சுட்டுவிரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதை ட்ரிகரில் படிகிறதா பாருங்கள். நுனி மட்டுமே எட்டினால், இழுக்கும்போது விரல் துப்பாக்கியைப் பக்கவாட்டில் தள்ளும். வலக்கைக்காரருக்குக் குண்டு இடப்பக்கம் போகும். எட்டவைப்பதற்காகக் கையைத் திருப்பிப் பிடித்தால் உதை கட்டைவிரல் மூட்டில் இறங்கும். மேகசின் விடுவிப்புப் பொத்தான், ஸ்லைடு நிறுத்தி, சேஃப்டி இருந்தால் அது என ஒவ்வொன்றையும் பத்துப் பத்து முறை இயக்கிப் பார்க்க வேண்டும். ஸ்லைடை இழுக்க முடியவில்லை என்று ஒரு துப்பாக்கியை ஒதுக்கும் முன் முறையை மாற்றிப் பாருங்கள்: ஸ்லைடை நாலு விரலால் இறுகப் பற்றி அசையாமல் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பிடியை முன்னே தள்ளுங்கள். பலருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும்.

நீளத் துப்பாக்கியில் அளவு இன்னும் முக்கியம். ரவை எனும் சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன்னில் பின் சைட் கிடையாது; சுடுகிறவரின் கண்தான் பின் சைட். கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். குழலின் மேற்பட்டை நிறையத் தெரிந்தால் கட்டை உயரம் கூடுதல், ரவை மேலே போகும். குழலின் முன்முனையில் குறிபார்க்க வைத்த மணியே தெரியாவிட்டால் உயரம் குறைவு. எந்தக் கண் ஆளும் கண் (மூளை முதன்மையாக நம்பும் கண்) என்பதையும் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இரு கைகளையும் சேர்த்துச் சின்னத் துளை உண்டாக்கி, தூரப் பொருள் ஒன்றை இரு கண்ணாலும் அதன் வழியே பாருங்கள். எந்தக் கண்ணை மூடினால் பொருள் மறைகிறதோ அதுவே ஆளும் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆள்வது அரிதல்ல. இது தெரியாமல் நல்ல துப்பாக்கியைக் குறை சொல்லி விற்றுவிடுகிறவர்கள் உண்டு.

தோட்டாவின் பெயரை நம்பி ஏமாறுவது

கேலிபர் விவாதத்தில் ஆற்றலைப் பற்றியே பேசிப்பேசி நேரம் போகும். அதைவிட அவசரமானது, பெயர்க் குழப்பம். 9 மி.மீ. என்று சொன்னால் போதாது. 9×17, 9×18, 9×19 (விட்டம் × கூட்டின் நீளம், மி.மீ.இல்) மூன்றும் வெவ்வேறு தோட்டாக்கள். 1902இல் வந்த, துப்பாக்கி வடிவமைப்பாளர் லூகரின் 9×19தான் இன்று உலகெங்கும் பரவலாக இருப்பது. 9×18 மகரோவின் குண்டு விட்டம் ஏறத்தாழ 9.27 மி.மீ., 9×19இல் 9.01 மி.மீ. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடவே கூடாது. குழலில் பொறித்திருப்பதும் தோட்டாவின் அடிப்பகுதியில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

.357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் சுடலாம், மறுதலையாகக் கூடாது. .38 நீளம் குறைந்தது என்பதால், நிறையச் சுட்டபின் சேம்பருக்குள் ஒரு கரி வளையம் படியும். அதைச் சுரண்டி எடுக்காமல் .357 போட்டால் காலிக் கூடு வெளியே வர அடம்பிடிக்கும். ரிவால்வரே மோசம் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

உயிருக்கே உலை வைக்கும் தவறு ஷாட்கன்னில் இருக்கிறது. போர் என்பது குழல் அளவு, எண் கூடினால் குழல் சிறிது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் நழுவிப்போய், சேம்பருக்கு முன்னால் குழல் குறுகும் இடத்தில் நின்றுகொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் சேம்பர் காலிபோலத் தெரியும், 12 போர் தோட்டாவும் தாராளமாக உட்காரும். சுட்டால் குழல் வெடிக்கும், குழலைத் தாங்கும் கை அங்கேதான் இருக்கும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதனால்தான். இரண்டு போரும் வைத்திருப்பவர் ஒரே பையில் இரண்டையும் போடவே கூடாது. தோட்டா நீளத்திலும் ஒரு பொறி உண்டு. 76 மி.மீ. தோட்டா மடித்த வாயோடு இருக்கும்போது 70 மி.மீ. சேம்பருக்குள் போய்விடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். உள்ளே போகிறதே என்பது பொருந்துகிறது என்பதற்கு ஆதாரமல்ல.

நாலு தோட்டா சுட்டுவிட்டு நம்பிவிடுவது

ஒரு பெட்டி சுட்டு, சிக்கவில்லை என்றதும் நம்பிவிடுகிறார்கள். பிஸ்டலுக்குக் குறைந்தது 200 ரவுண்டு பயிற்சித் தோட்டா, அதன்பின் நிரந்தரமாக வைத்திருக்கப்போகும் தோட்டாவில் 50 முதல் 100 என்று சுட்டுப் பாருங்கள். வட்ட மூக்குக் குண்டை வழுக்கி விழுங்கும் துப்பாக்கி, குழி மூக்குக் குண்டை, தோட்டா சேம்பருக்கு ஏறும் சரிவில் முட்டி நிறுத்தலாம். சுடுவதற்கு முன் ஒவ்வொரு மேகசினின் அடியிலும் 1, 2, 3 என்று எண் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு சிக்கலையும் எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

குறிப்பேடு வழக்கை உடைத்துக் காட்டும். எல்லாச் சிக்கலும் 2ஆம் மேகசினில் என்றால் துப்பாக்கியில் பழுதில்லை. மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது வாய் மடிப்பு விரிந்திருக்கும். காலிக் கூடு புகைபோக்கிபோல ஸ்லைடில் நட்டுக்கொண்டு நின்றால், முதலில் மணிக்கட்டைச் சந்தேகியுங்கள். கை தளர்ந்தால் பிஸ்டல் முழுதாகப் பின்னே போகும், ஸ்லைடு பின்வாங்கும் தூரம் குறைந்துவிடும். வேறொருவர் அதே துப்பாக்கியை இறுகப் பிடித்துச் சுடும்போது சிக்கல் மறைந்தால் காரணம் பிடிதான். கூடு சேம்பருக்குள்ளேயே தங்கினால் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியில் அழுக்கு அல்லது தேய்மானம். பிரைமரில் (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பகுதி) பள்ளம் லேசாக மட்டும் விழுந்து வெடிக்காவிட்டால், அதை அடிக்கும் ஃபயரிங் பின்னின் பாதையில் எண்ணெய்ச் சேறு, அல்லது வலுக்குறைந்த ஸ்பிரிங்.

சுட்டும் வெடிக்காவிட்டால் உடனே திறக்கக் கூடாது. குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி 30 விநாடியாவது காத்திருங்கள். தாமதமாகப் பற்றிக்கொள்ளும் தோட்டாக்கள் உண்டு. வழக்கத்தைவிட மெலிந்த சத்தம், உதையே இல்லை என்றால் அடுத்த தோட்டா கண்டிப்பாக வேண்டாம். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். இறக்கிவிட்டு, குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்த பிறகே அடுத்தது.

ரைஃபிளில் மூன்று குண்டு ஒட்டினாற்போல் விழுந்த அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். மூன்று என்பது அதிர்ஷ்டத்துக்கும் அமையும். ஐந்தைந்தாக மூன்று தொகுதி, இடையில் குழலை ஆறவிட்டுச் சுடுங்கள். வேட்டைக்கு என்றால் ஆறிய குழலின் முதல் குண்டு எங்கே படுகிறது என்பதே கணக்கு. தொகுதி திடீரென்று சிதறினால் குழலைத் திட்டும் முன் ஸ்கோப் வளையத் திருகுகளைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

பிடித்த துப்பாக்கியும் நன்றாகச் சுடவரும் துப்பாக்கியும் ஒன்றாகவே இருக்கும் என்பதில்லை. இரண்டுக்கு நடுவில் மனம் ஊசலாடினால் 10 மீட்டரில், ஒரே மாதிரி அட்டையில், ஒவ்வொன்றுக்கும் பத்து ரவுண்டு கொடுத்துப் பாருங்கள். அட்டைக்கு ஆசாபாசம் கிடையாது.

நன்றாக ஓடுவதைத் திருத்தப் போவது

ட்ரிகரை இளக்குவதற்கு ஸ்பிரிங்கை மாற்றுவார்கள். அதோடு ஃபயரிங் பின்னின் அடியும் இளகும், கெட்டியான பிரைமர்கள் வெடிக்காமல் போகும். எதை மாற்றினாலும் அந்த 200 ரவுண்டுக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. மாற்ற வேண்டியது அலங்காரம் அல்ல, தேயும் பாகங்கள். பின்வாங்கிய ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும் ஸ்பிரிங்கைப் பல பிஸ்டல்களில் 3,000 முதல் 5,000 ரவுண்டுக்குள் மாற்றுவது வழக்கம்; துல்லியமான எண் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும்.

பழையது வாங்கும்போது

மேல் பளபளப்பு ஏமாற்றும். குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். கருப்பு வளையம் ஒன்று தெரிந்தால் குழல் அங்கே புடைத்திருக்கிறது, வேண்டாம். குழல்வாய் விளிம்பில் நசுங்கல் இருந்தால் குண்டு ஒருபக்கமாக விலகும். ரிவால்வரில் சுத்தியலை மெதுவாக இழுத்து, அது முழுதாகப் பின்னே நிற்கும்போது சிலிண்டர் பூட்டிக்கொள்கிறதா என்று ஆறு அறைக்கும் தனித்தனியே பாருங்கள். ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுத்துச் சுடும் பழங்காலச் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாகத்தான் வைக்க வேண்டும், கீழே விழுந்தால் வெடிக்கும். அமெரிக்க நிறுவனமான ரூகர், ட்ரிகரை இழுத்தால் மட்டுமே சுத்தியலின் அடியைக் கடத்தும் இடைத்தட்டு அமைப்பை 1973இல் கொண்டுவந்த பிறகு அந்நிறுவனத்தின் புதிய ரிவால்வர்களில் அந்த அபாயம் நீங்கியது. அதற்கு முந்தைய வகையா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

பழைய ராணுவக் கையிருப்புத் தோட்டா மலிவாகக் கிடைக்கும். பலவற்றின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் குழலில் உப்பு படிந்து, ஈரத்தை இழுத்துத் துருவாகும். உப்பு எண்ணெயில் கரையாது. முதலில் வெந்நீர், பிறகு உலர்த்தல், அதன்பின்தான் எண்ணெய்.

எண்ணெயிலும் அளவு மீறுகிறவர்களே அதிகம். உராயும் இடத்தில் ஒரு சொட்டு போதும். வழிய விட்டால் கரியோடு சேர்ந்து பசையாகும். தோல் உறை சுமப்பதற்கு மட்டும். அதிலேயே மாதக்கணக்கில் வைத்துவிட்டால் தோல் இழுத்து வைத்திருக்கும் ஈரமும் பதனிட்ட உப்பும் உலோகத்தைத் தின்னும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் இதற்குத் தப்பாது. துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு, உறையில்லாமல், பூட்டிய பெட்டகத்தில் வையுங்கள். தோட்டாக்களுக்கு வேறு பூட்டு. எடுக்கும்போதெல்லாம் முன்பு சொன்ன வரிசையிலேயே திறந்து பாருங்கள்: மேகசின் முதலில், சேம்பர் அடுத்து.