அமெரிக்கக் கவுண்டி அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழ் வாங்குவது எப்படி

அமெரிக்காவில் வீட்டில் ஒருவர் தவறிவிட்டால், காரியம் முடிவதற்குள்ளேயே வங்கியிலிருந்து இன்ஷூரன்ஸ் வரைக்கும் எல்லாரும் கேட்கத் தொடங்குவது டெத் சர்டிஃபிகேட்தான். வாங்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எந்த அலுவலகம், எந்த வகைக் காப்பி, எத்தனை காப்பி என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் கிளம்பினால்தான் அலைச்சல்.

முதலில் அலுவலகம். பெரும்பாலான மாநிலங்களில் இறந்தவர் குடியிருந்த கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கணக்கில்லை, உயிர் பிரிந்த இடம் எந்தக் கவுண்டியோ அதுதான் கணக்கு. கலிஃபோர்னியாவில் வீடு ஃப்ரீமாண்டில், இறந்தது பாலோ ஆல்டோ மருத்துவமனையில் என்றால் அலமீடா கவுண்டியில் போய் வரிசையில் நிற்காதீர்கள், சான்டா கிளாரா கவுண்டிக்குப் போங்கள். அங்கேயும் எந்த ஜன்னல் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் அண்மைய இறப்பு பெரும்பாலும் கவுண்டியின் பப்ளிக் ஹெல்த் துறையிடம் இருக்கும், பழையது ஆவணங்களைப் பதிவு செய்துவைக்கும் ரெக்கார்டரிடம் போய்விடும். இல்லினாயில் கவுண்டி கிளார்க், ஃப்ளோரிடாவில் கவுண்டி ஹெல்த் டிபார்ட்மென்ட். நியூ ஜெர்சியில் பொதுவாகக் கவுண்டி தருவதில்லை, இறந்த ஊரின் லோக்கல் ரெஜிஸ்ட்ரார் தருவார். மாசச்சூசெட்ஸில் டவுன் கிளார்க் அல்லது சிட்டி கிளார்க். வர்ஜீனியாவில் டிரைவிங் லைசென்ஸ் தரும் டிஎம்வி அலுவலகத்திலேயே வாங்கலாம், இது பலருக்குத் தெரியாது. பென்சில்வேனியாவில் 1906-க்குப் பிந்தைய இறப்பு எல்லாம் மாநிலத்தின் கையில், கவுண்டிக்குப் போய்ப் பயனில்லை. எது எங்கே என்று குழப்பமாக இருந்தால் மத்திய அரசின் சுகாதார அமைப்பான சிடிசியின் தளத்தில் மாநிலவாரியாக ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கூகுளில் தேடும்போது மேலே வரும் விளம்பரங்களில் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்களும் இருக்கும். அவர்கள் உங்களிடம் கூடுதலாக வாங்கிக்கொண்டு அதே படிவத்தை அனுப்பி வைப்பார்கள், அவ்வளவுதான். கவுண்டியின் சொந்தத் தளத்துக்குள் போய் அங்கிருக்கும் இணைப்பையே அழுத்துங்கள். பல கவுண்டிகள் ஆன்லைன் விண்ணப்பத்தை வைட்டல்செக் என்ற நிறுவனம் வழியாகத்தான் வாங்குகின்றன, அது முறையானதுதான், சேவைக் கட்டணம் மட்டும் தனியாக வரும்.

ஆனால் கவுண்டிக்குப் போவதற்கு முன்னாலேயே, இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்யும் பியூனரல் ஹோமில் உட்கார்ந்திருக்கும்போதே பாதி வேலை நடந்துவிடுகிறது, நம் ஆட்கள் கோட்டை விடுவதும் அங்கேதான். சான்றிதழை எழுதிப் பதிவுக்கு அனுப்புவது கவுண்டி இல்லை. பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண், திருமண நிலை, வேலை எல்லாவற்றையும் குடும்பத்தாரிடம் கேட்டுப் பியூனரல் டைரக்டர் நிரப்புவார். இறப்புக்கான காரணத்தை மருத்துவரோ, சந்தேகமான இறப்புகளை விசாரிக்கும் மெடிக்கல் எக்ஸாமினரோ கரோனரோ எழுதுவார்கள். இரண்டும் சேர்ந்து பதிவான பிறகுதான் கவுண்டியால் காப்பி எடுத்துத் தர முடியும். அதனால் மறுநாளே கவுண்டிக்கு ஓடுவதில் அர்த்தமில்லை, பதிவாகிவிட்டதா என்று பியூனரல் ஹோமுக்கு ஒரு போன் போட்டால் போதும்.

பதிவு செய்வதற்கு முன் வரைவைக் காட்டச் சொல்லி, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். நம் பெயர்களின் சங்கடம் உங்களுக்கே தெரியும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், வங்கியில் இனிஷியல் மட்டும் இருக்கும், வீட்டுப் பத்திரத்தில் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதியிருப்பார்கள். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு லைசென்ஸில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்ற மூன்றெழுத்துதான் முதல் பெயராகவே உட்கார்ந்திருக்கும். சான்றிதழில் எந்த வடிவம் வருகிறதோ, அதை வைத்துத்தான் ஒவ்வொரு நிறுவனமும் 'இது எங்கள் வாடிக்கையாளர்தானா' என்று முடிவு செய்யும். சொத்து, இன்ஷூரன்ஸ், ஓய்வூதியக் கணக்கு இவற்றில் பெரிய தொகை எந்தப் பெயரில் இருக்கிறதோ அதையும் மனதில் வைத்துக்கொண்டு, சட்டப்படியான பெயரை முதன்மையாகப் போடச் சொல்லுங்கள். மற்ற வடிவங்களை ஏகேஏ (வேறு பெயர்கள்) என்ற கட்டத்தில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள், பல மாநிலங்களில் அந்த வசதி உண்டு. அதைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் பதிவான பிறகு பிழை திருத்துவதென்றால் அஃபிடவிட், ஆதாரம், கட்டணம், காத்திருப்பு என்று நீளும். அதிலும் பெயர், முகவரி போன்றவற்றைக் குடும்பம் திருத்தக் கேட்கலாம், மருத்துவக் காரணத்தை அதை எழுதிய மருத்துவரோ கரோனரோதான் திருத்த முடியும்.

காரணம் என்ற இடத்தில் 'பெண்டிங்' என்று இருந்தால் பதற வேண்டாம். பிரேதப் பரிசோதனையோ டாக்ஸிகாலஜி என்ற நச்சுப் பரிசோதனையோ முடியவில்லை என்று பொருள். அப்படியே காப்பி வாங்கலாம், வங்கி போன்ற வேலைகள் பெரும்பாலும் நடக்கும், இன்ஷூரன்ஸ் மட்டும் முடிவு வரும்வரை நிறுத்தி வைக்கலாம். இந்த நிலையில் மொத்தக் காப்பிகளையும் வாங்கிக் குவிக்காதீர்கள். இரண்டு மூன்று போதும், மீதியைத் திருத்தம் வந்தபின் வாங்கிக்கொள்ளலாம்.

சரி, எந்த வகை? நமக்கு வேண்டியது சர்ட்டிஃபைட் காப்பி. முத்திரையும் ரெஜிஸ்ட்ரார் கையெழுத்தும் உள்ள, பாதுகாப்புத் தாளில் அச்சிட்டது. இந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தால் பல மாநிலங்களின் காப்பியில் 'வாய்டு' என்ற சொல் குறுக்கும் நெடுக்குமாக எழும்பி நிற்கும், கள்ளக் காப்பியைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. கலிஃபோர்னியாவில் இதிலேயே இரண்டு வகை உண்டு: உரிமையுள்ளவர்களுக்கு மட்டும் தரும் ஆதரைஸ்டு, வெறும் தகவலுக்கான இன்ஃபர்மேஷனல். பின்னதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் அடையாள ஆவணமாகச் செல்லாது என்று அதன் மேலேயே அச்சாகியிருக்கும், விலையும் குறையாது. விண்ணப்பத்தில் கட்டத்தை மாற்றி டிக் செய்தால் காசு வீண். ஃப்ளோரிடாவில் இறப்புக் காரணம் உள்ளது, காரணம் இல்லாதது என்று இரண்டு. காரணம் உள்ளதைக் குடும்பத்தாருக்கும் சட்டப்படி உரிமையுள்ளவர்களுக்கும் மட்டும் தருவார்கள், இந்தக் கட்டுப்பாடு 50 ஆண்டுகளுக்கு உண்டு. இன்ஷூரன்ஸுக்குக் காரணம் உள்ளதுதான் வேண்டும். வீடு, கார் போன்ற பெயர் மாற்றத்துக்குக் காரணம் இல்லாததே போதும், மருத்துவ விவரத்தை எல்லாரிடமும் காட்ட வேண்டியதும் இல்லை.

எத்தனை என்பதற்குப் பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு என்பார்கள். என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு வாங்காமல், முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு லைஃப் இன்ஷூரன்ஸ் பாலிசிக்கும் ஒன்று, 401கே என்ற ஓய்வூதியக் கணக்கு, பங்குக் கணக்குகளுக்கு ஒவ்வொன்று, வீட்டுப் பத்திரத்துக்கு ஒன்று, உயில், வாரிசு விவகாரங்களைப் பார்க்கும் புரோபேட் நீதிமன்றத்துக்கு ஒன்று, வெளிநாட்டில் காட்ட வேண்டியிருந்தால் அதற்கு ஒன்றிரண்டு. வங்கிக் கிளையில் நேரில் போனால் பெரும்பாலும் ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். கிரெடிட் கார்டு, போன், மின்சாரம் இவற்றுக்குப் பெரும்பாலும் ஜெராக்ஸே போதும். சோஷியல் செக்யூரிட்டிக்கு வழக்கமாகப் பியூனரல் ஹோமே தகவல் கொடுத்துவிடும், தகுதியுள்ள துணைவருக்கோ பிள்ளைக்கோ கிடைக்கும் 255 டாலர் ஒருமுறைத் தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கட்டணம் மாநிலத்தையும் அலுவலகத்தையும் பொறுத்தது. டெக்சஸ் போன்ற சில இடங்களில் முதல் காப்பிதான் விலை அதிகம், அதே விண்ணப்பத்தில் கேட்கும் அடுத்த காப்பிகள் சில டாலர்தான். அங்கே ஒரே தடவையில் கேட்பது லாபம். கலிஃபோர்னியாவில் எல்லாக் காப்பிக்கும் ஒரே விலை, அதனால் குறைவாக வாங்கிவிட்டுப் பிறகு சேர்த்தாலும் நஷ்டமில்லை. இறந்தவர் ராணுவத்தில் இருந்தவர் என்றால் அவருடைய சலுகைகளுக்காகக் கேட்கும் காப்பியைப் பல இடங்களில் இலவசமாகவே தருவார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

நேரில் போகும்போது படத்துடன் கூடிய அடையாள அட்டை, விண்ணப்பம், உறவுக்கு ஆதாரம் மூன்றும் கையில் இருக்கட்டும். மனைவியின் கடைசிப் பெயரும் கணவரின் கடைசிப் பெயரும் ஒன்றாக இல்லாத நம் குடும்பங்களில் கவுண்டரில் இருப்பவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார், திருமணச் சான்றிதழை நீட்டிவிட்டால் பேச்சே இருக்காது. மாமா, மருமகன், குடும்ப நண்பர் போய்க் கேட்டால் பல இடங்களில் கிடைக்காது. கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், சொத்தை நிர்வகிக்கும் எக்ஸிக்யூட்டர், வழக்கறிஞர் என்று பட்டியல் அநேகமாக இப்படித்தான் இருக்கும். தபாலில் அனுப்புவதென்றால் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் உறுதிமொழிப் பத்திரத்தில் நோட்டரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டிலேயே போட்டு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். காப்பியைக் கையில் வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் பெயர், தேதி, முத்திரை பார்த்துவிடுங்கள். அப்புறம் லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், செல்லாது என்று திருப்பிவிடக்கூடும்.

இந்தியாவில் நிலமோ வங்கிக் கணக்கோ இருந்தால் அமெரிக்கச் சான்றிதழுக்கு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அரசு அத்தாட்சி, வாங்க வேண்டியிருக்கும். அதைத் தருவது வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு இல்லை, சான்றிதழ் எந்த மாநிலத்துடையதோ அந்த மாநிலம், பெரும்பாலும் அதன் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம். சில மாநிலங்களில் உள்ளூர் ரெஜிஸ்ட்ராரின் கையெழுத்தைக் கவுண்டி கிளார்க் முதலில் உறுதி செய்து தந்தால்தான் அவர்கள் தொடுவார்கள். ஆகவே கவுண்டியில் காப்பி வாங்கும்போதே 'இது வெளிநாட்டில் காட்ட' என்று சொல்லிவிடுங்கள், எந்தக் கையெழுத்துள்ள காப்பி வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். அப்போஸ்டில் தாளும் சான்றிதழும் சேர்த்துப் பின் அடித்து வரும். ஸ்கேன் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று அந்தப் பின்னைக் கழற்றிவிடாதீர்கள், கழற்றிய தடம் தெரிந்தால் அதை ஏற்க மறுக்கலாம், மறுபடி புதுக் காப்பி, புது அப்போஸ்டில்.