பழைய வாஷிங் மெஷின் மோட்டாரில் டிஸ்க் சாண்டர்: கரண்ட் வந்ததும் தானாக ஓடாதபடி

டிஸ்க் சாண்டர் என்பது உப்புத்தாள் ஒட்டிய வட்டத் தட்டைச் சுழற்றி மரத்தைத் தேய்க்கும் கருவி. அதற்கு செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துணி துவைக்கும் பக்கத்து மோட்டாரை எடுங்கள். பழைய இரும்புக்கடையில் கிடைக்கும். கெபாசிட்டரையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். மிக்ஸி மோட்டார் வேண்டவே வேண்டாம். சுமையில்லாமல் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் போகும். எட்டு அங்குலத் தட்டு அதைத் தாங்காது. வாஷிங் மெஷின் மோட்டார் ஏறத்தாழ 1,400 சுற்றுதான். தட்டின் விளிம்பு நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஓடும். மரம் தேய்க்க அது தாராளம்.

மோட்டாரில் இருந்து மூன்று ஒயர் வரும். நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டிரண்டாக அளங்கள். என்னுடையதில் 24, 24, 48 வந்தது. அதிகம் காட்டும் ஜோடிதான் கெபாசிட்டரின் இரு முனைக்கும் போக வேண்டும். மிச்சமுள்ள ஒயர் பொது, அதற்கு நியூட்ரல். ஃபேஸை கெபாசிட்டரின் ஏதாவது ஒரு முனையில் கொடுங்கள். தட்டை எதிரே நின்று பார்க்கும்போது இடதுபக்கம் கீழே இறங்க வேண்டும். மாறிச் சுற்றினால் ஃபேஸை அடுத்த முனைக்கு மாற்றுங்கள், போதும்.

தட்டுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட். தட்டை மோட்டார் ஷாஃப்ட்டோடு பிடிக்கும் வட்டத் தகடான ஃபிளாஞ்சை மட்டும் லேத் பட்டறையில் கடைந்து வாங்கிவிடுங்கள். நட்டு, வாஷர் வைத்து ஒப்பேற்றினால் தட்டு ஆடும். உப்புத்தாளில் பின்பக்கம் பசையுள்ள 80 நம்பர் வட்டம் எனக்குப் பிடித்தது. முன்னால் மரத்தை வைத்துத் தேய்க்க ஒரு மேடை. தட்டுக்கும் அதற்கும் இடைவெளி 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமானது, சுவிட்ச். நான் முதலில் சாதாரண சுவிட்ச்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் வேலைக்கு நடுவே கரண்ட் போனது. மரத்துண்டை மேடையிலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். கரண்ட் வந்ததும் சாண்டர் தானாக ஓடி, துண்டைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு முன்பு அதே இடத்தில்தான் உப்புத்தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் 230 வோல்ட் காயிலுள்ள சின்ன கான்டாக்டர் (காயிலுக்குக் கரண்ட் வந்தால் மட்டும் மோட்டாருக்குப் போகும் லைனைச் சேர்க்கும் சுவிட்ச்), ஒரு பச்சை பட்டன், ஒரு சிவப்பு பட்டன் வாங்குங்கள். காயிலுக்குப் போகும் ஃபேஸ் முதலில் சிவப்பு பட்டன் வழியாகவும் அப்புறம் பச்சை பட்டன் வழியாகவும் போகட்டும். சிவப்பு, அழுத்தினால் துண்டிக்கும் வகை. பச்சை, அழுத்தினால் சேரும் வகை. பச்சைக்கு இணையாக கான்டாக்டரின் துணை காண்டாக்ட்டை (காயில் இழுக்கும்போது சேரும் கூடுதல் முனை) கொடுங்கள். பச்சையை விட்ட பிறகும் காயிலைப் பிடித்து வைப்பது அதுதான். கரண்ட் போனால் காயில் விடும். நீங்கள் மறுபடி அழுத்தாமல் மோட்டார் ஓடாது. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் நடப்பதும் இதேதான். ஒயரிங் பழக்கமில்லை என்றால் இந்த ஒரு வேலையை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். கேட்கும் கூலியைக் கொடுக்கலாம்.

மோட்டார் உடம்புக்கு எர்த் கட்டாயம். வாஷிங் மெஷினில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்தது, இப்போது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கட்டும்.

தேய்க்கும்போது இடது பாதியில் மட்டும் தேயுங்கள். வலது பாதி மரத்தை மேலே தூக்கி எறியும். கண்ணாடி, மாஸ்க் போடுங்கள். கையுறை வேண்டாம், துணி சிக்கினால் விரலையும் இழுத்துவிடும். தோளில் துண்டும் கூடாது. வட்ட ரம்ப பிளேடை இதில் மாட்டிப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த ஒருவர், மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்று எழுதியிருந்தார். கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறதாம். தயவுசெய்து அப்படித் தள்ளாதீர்கள். பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரின் இரு முனைக்கும் குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரின் இரண்டு ஒயரையும் தொட்டு மிச்சக் கரண்டை இறக்கிய பிறகு கழற்றுங்கள். மேலே அச்சிட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவில் புதிது போடுங்கள்.