பழைய புல்லட் சரியாக ஓடாதபோது நாம் செய்யும் தவறுகள்

திருவொற்றியூர் ஆலையிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக வெளிவந்த, வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 மோட்டார் சைக்கிளில் இருப்பது மிக எளிமையான எஞ்சின். 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி., ஒரு சிலிண்டர், இரண்டு வால்வுகள், ஒரு கார்புரேட்டர், ஒரு ஜோடி பாயிண்ட் (சேர்ந்து பிரிந்து ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனைகள்). இதில் ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் அலைபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை அலைக்கழிப்பது பெரும்பாலும் முதலில் வந்த கோளாறு அன்று. அதைச் சரிசெய்யப் போய் அதன்மேல் ஏற்றிவைத்த இரண்டாவதும் மூன்றாவதும்தான். ஐடிலிங் நிற்கவில்லை என்று கார்புரேட்டர் ஸ்குருவைத் திருகி, அதே மாலையில் பிளக்கை மாற்றி, போகிற போக்கில் டைமிங்கையும், அதாவது பொறி விழும் நேரத்தையும், சற்று நகர்த்திவிட்டால், அதன்பின் வண்டி நன்றாக ஓடினாலும் காரணம் தெரியாது, மோசமாக ஓடினாலும் காரணம் தெரியாது. ஒன்றைத் தொடும் முன் அது எப்படி இருந்தது என்று எழுதிக்கொண்டு, மாற்றியும் பலனில்லை என்றால் பழைய நிலைக்கே திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போகிறவருக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை.

கையை முதலில் கார்புரேட்டரில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் பரவலான தவறு. அது வெளியே தெரிகிறது, கைக்கு எட்டுகிறது, ஒரு ஸ்குரு டிரைவர் போதும். ஆனால் டேப்பட் (வால்வுகளை இயக்கும் பாகங்களின் இடைவெளி), பாயிண்ட், டைமிங் ஆகிய மூன்றும் சரியாக இருக்கிறபோதுதான் கார்புரேட்டர் அட்ஜஸ்ட்மென்ட்டுக்குப் பொருள் உண்டு. டைமிங் பின்தங்கிய எஞ்சினுக்குக் கார்புரேட்டரை ட்யூன் செய்தால், பிறகு டைமிங்கைச் சரிசெய்த அன்றே அந்த ட்யூனிங் தவறாகிவிடும்.

அதற்கும் முன்னால் பெட்ரோல் தடையின்றி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். என்னுடைய வண்டி ஒரு காலத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை இருமி நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து உதைத்தால் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் காயில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் சுருள்) அல்லது பாயிண்டில் தீப்பொறி சிதறாமல் காக்கும் கண்டன்சர்தான் என்று நானே முடிவுகட்டி இரண்டையும் வாங்கி மாட்டினேன். கடைசியில் பார்த்தால், டேங்க் மூடியில் காற்று நுழையும் சிறு துளை மெழுகு பாலிஷால் அடைபட்டிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுபோகும். நிறுத்தி வைத்தால் மெல்லக் காற்று கசிந்து மறுபடி இறங்கும். வண்டி நின்ற உடனேயே மூடியைத் திறந்து, காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்கிறதா என்று பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். வண்டியைப் பளபளப்பாக வைத்துக்கொள்வதிலும் ஒரு தொல்லை இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பல மாதம் நின்ற பெட்ரோலோடு எஞ்சினைப் பரிசோதிப்பதும் வீண் வேலை. இன்று பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில், அதாவது பெட்ரோல் டேப் இருக்கும் இடத்தில், தங்கிவிடும். பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இந்த எரிபொருளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பும், இளகும், துகளாக உதிர்ந்து ஜெட்டை அடைக்கும். ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றி, அதில் உள்ளதை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும்.

அடுத்தது மின்சாரம். பாயிண்ட் வைத்த புல்லட்டில் ஸ்பார்க், பேட்டரியை நம்பி இருக்கிறது. ஹாரன் அடிக்கிறது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று தீர்மானிப்பது தவறு. அதிலும் ஆறு வோல்ட் வண்டிகளில் பேட்டரி முனையில் பூத்த பச்சையும், துருப்பிடித்த எர்த் இணைப்பும் ஸ்பார்க்கின் வலுவில் பாதியைத் தின்றுவிடும். இந்த வண்டியின் ஹெட்லைட் தலையில் இருக்கும் ஆம்ப் மீட்டரை அலங்காரம் என்று நினைப்பவர்கள் ஒரு நல்ல கருவியை இழக்கிறார்கள். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் சேரும்போது முள் இடப்பக்கம் சாயவும், பிரியும்போது நடுவுக்குத் திரும்பவும் வேண்டும். முள் அசையவே இல்லை என்றால் பாயிண்டுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது பாயிண்ட் அழுக்கேறிச் சேரவில்லை. சாய்ந்தபடியே கிடந்தால் பாயிண்ட் பிரியவில்லை, அல்லது எங்கோ எர்த் ஆகிறது. ஒரு கருவியும் கையில் எடுக்காமல் இவ்வளவும் தெரியும்.

பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் தலைமீது வைத்து உதைத்து, நீலப்பொறி தெரிந்ததும் மின்சாரம் சரி என்று கைகழுவுவதும் வழக்கம். வெளிக்காற்றில் பொறி தாவுவது எளிது. சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட கலவையின் ஊடே தாவுவதற்குக் கூடுதல் வோல்ட்டேஜ் வேண்டும். எனவே வெளியே தெரியும் பொறி, சுமை ஏறும்போதும் ஸ்பார்க் நிற்கும் என்பதற்குச் சான்று ஆகாது. பாயிண்டுகளுக்கு இடையே பளிச்சென்று தீப்பொறி சிதறி, அவற்றின் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் சந்தேகம் கண்டன்சர்மீதுதான் விழ வேண்டும். புதிதாக வாங்கிப் போட்டது என்பதால் ஒரு கண்டன்சரைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிவிடக் கூடாது. பழைய வண்டிகளுக்கு இன்று கிடைக்கும் பாகங்களில் பெட்டியைப் பிரிக்கும்போதே கெட்டுப்போனவையும் உண்டு. கழற்றிய பழையது நன்றாக இருந்ததென்றால் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது.

டைமிங்கில் நேரும் தவறு வரிசை பிசகுவது. பாயிண்ட் இடைவெளியை முதலில் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை ஃபீலர் கேஜால் வைத்துக்கொண்ட பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து டைமிங் முந்தும், குறைந்தால் பிந்தும். டைமிங்கைப் பார்த்து வைத்துவிட்டுப் பிறகு இடைவெளியைச் சரிசெய்கிறவர், வைத்த டைமிங்கைத் தாமே அழித்துவிடுகிறார். புல்லட் 350க்கு, பிஸ்டன் அமுக்க வீச்சில் உச்சியை எட்ட 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் பிரியத் தொடங்க வேண்டும். அமுக்க வீச்சு என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: இந்த வண்டியில் பாயிண்டை ஏந்திய டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்கிறது, ஆகவே புகை வெளியேறும் வீச்சின் உச்சியில் டைமிங் வைத்தால் பொறி முற்றிலும் தவறான நேரத்தில் விழும். வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கம்பிகளான புஷ்ராடுகள் இரண்டும் ஒருசேரத் தளர்ந்திருக்கும் உச்சிதான் நமக்கு வேண்டியது. வேகம் கூடும்போது டைமிங்கை முந்தச் செய்யும் அட்வான்ஸ் எடைகள் துருவேறி இறுகி நின்றுவிட்ட வண்டியில் இவ்வளவு செய்தும் பயன் இருக்காது. அவற்றைக் கையால் திருப்பி விட்டால் ஸ்பிரிங்கின் இழுப்பில் தானாகத் திரும்பிவர வேண்டும். அதைப் பார்க்காமல், பிக்கப் இல்லை என்று டைமிங்கை முந்திவைத்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம்பார்க்கும்.

டேப்பட் சத்தம் வருகிறது என்று இறுக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பணத்தைப் பெரிதாகக் கரைக்கும் தவறு. இந்த எஞ்சினில் சற்றே டிக்டிக் என்ற ஓசை இயல்பு. முழுக்கக் குளிர்ந்த நிலையில், புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழுமாக ஆடக் கூடாது என்பதே அளவு. சூடான எஞ்சினில் இதைப் பார்த்தாலும், ஓசை அடங்கும்வரை இறுக்கினாலும், எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் முழுதாக அமராது. அமராத வால்வு வெப்பத்தை இறக்க முடியாமல் விளிம்பு எரிந்துபோகும். காலையில் ஒரே உதையில் கிளம்பி, சூடானபின் கம்ப்ரஷன் இளகி, சிக்னலில் நின்று மறுபடி கிளம்ப மறுக்கும் வண்டியில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். உதைக்க எளிதாகச் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸரின் கேபிள் இறுக்கமாக இழுத்துக்கொண்டிருந்தாலும் ஏறத்தாழ இதே குணம் காட்டும் என்பதால், சிலிண்டர் தலையைக் கழற்றும் முன் கேபிளைக் கழற்றிவிட்டு ஒருமுறை உதைத்துப் பார்ப்பது மேல்.

இவையெல்லாம் முடிந்த பிறகு கார்புரேட்டருக்கு வரலாம். ஜெட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்வதே இங்கு நடக்கும் பெரிய பாவம். பித்தளைத் துளை எஃகுக் கம்பிக்கு ஈடுகொடுக்காது. பார்வைக்குத் தெரியாத அளவு அகன்றாலும் பைலட் ஜெட்டின் அளவு மாறிவிடும். ஊறவைத்து, காற்று அடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது போதும். மிக்கார்ப் வி.எம்.24 வகையில் பக்கவாட்டில் இருக்கும் சிறிய ஸ்குரு காற்றைக் கட்டுப்படுத்துவது. அதை வெளியே திருகினால் கலவை மெலியும். வேறு சில வகைகளில் அதேபோன்ற ஸ்குரு பெட்ரோலைக் கட்டுப்படுத்தும், விளைவு நேர்மாறாக இருக்கும். பழைய புல்லட்டுகளில் எந்தக் காலத்தில் யார் எந்தக் கார்புரேட்டரை மாட்டினார்கள் என்பது வண்டிக்கு வண்டி மாறுவதால், எது பொருந்தியிருக்கிறது என்று பார்க்காமல் திருகக் கூடாது. கோளாறு எந்த வேகத்தில் வருகிறது என்று கவனிப்பதைவிட, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கும்போது வருகிறது என்று கவனிப்பதுதான் பயன் தரும். கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று குறித்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கலாம்: தொடக்கத் திறப்பில் திணறினால் பைலட் ஜெட், நடுப்பகுதியில் என்றால் நீடில், முழுத் திறப்பில் என்றால் மெயின் ஜெட்.

சோக் இழுத்தால் மட்டும் ஓடுகிற வண்டிக்குப் பெரிய ஜெட் போடுவதும் அவசரம். எங்கிருந்தோ அளவுக்கு மீறிய காற்று புகுகிறது என்பதும் அதே அறிகுறிக்குக் காரணமாகலாம். கார்புரேட்டரின் ஃப்ளேஞ்ச் நட்டுகளைப் பல ஆண்டுகளாக ஒவ்வொருவரும் கொஞ்சம் கூடுதலாக இறுக்கியதில் அதன் முகம் வில்லாக வளைந்திருக்கும். கேஸ்கெட்டைப் புதிதாக வைத்தாலும் நடுவில் இடைவெளி மிஞ்சும். கண்ணாடித் தட்டின்மேல் உப்புத்தாளை விரித்து அந்த முகத்தைத் தேய்த்தால், தாள் படாத இடம் எது என்று உடனே தெரியும். த்ராட்டில் ஸ்லைடே தேய்ந்து தளர்ந்திருந்தால் எந்த ஜெட்டும் ஐடிலிங்கை நிலைநிறுத்தாது.

நீண்ட நாள் நின்ற வண்டி கிளம்பியதும் நீலப்புகை கக்கினால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, போர் செய்ய (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்க) வேண்டும் என்று சொல்லக் கேட்டுப் பணம் செலவழித்தவர்கள் ஏராளம். இது டிரை சம்ப் எஞ்சின்; தனியறையில் இருக்கும் ஆயில், நிற்கும் நாட்களில் பம்பின் வழியே மெல்லக் கசிந்து கிராங்க் பகுதியில் தேங்கும். அந்த ஆயில்தான் முதல் சில நிமிடங்களில் புகையாகிறது. ஓட்டியபின் புகை அடங்கினால் போர் வரை போக வேண்டியதில்லை. அதே காரணத்தால், வாரக்கணக்கில் நின்ற வண்டியில் அளவுக்குச்சியைப் பார்த்து ஆயில் குறைந்துவிட்டது என்று ஊற்றினால், கிளம்பியதும் மிகுதியெல்லாம் பிரீதர் வழியாக வெளியே வரும். சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகே அளவு பார்க்க வேண்டும். ரிங்மீது உண்மையாகவே சந்தேகம் இருந்தால், த்ராட்டிலை முழுதும் திறந்து கம்ப்ரஷன் பார்த்து, பிறகு பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்கலாம். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. த்ராட்டிலை மூடியபடி பார்த்தால் சிலிண்டருக்குள் போதிய காற்றே போகாது. நல்ல எஞ்சினும் செத்ததாகத்தான் அளவு காட்டும்.