தூண்டில் ராடு கட்டும் நூலின் தடிமனை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

காவேரிப்பாக்கம் ஏரிக்கோ பாலாற்று மடுவுக்கோ கொண்டு செல்லும் தூண்டில் ராடைத் தாமே கட்டிக்கொள்ள முனைபவர்கள், தூண்டில் இழை ஓடும் வளையங்களை ராடோடு பிணைக்கும் நூலை வாங்கப் போகும்போதுதான் முதலில் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு தொழிலும் நூலின் கனத்தை ஒவ்வொரு கணக்கில் சொல்வதும், அவற்றில் சில ஒன்றுக்கொன்று தலைகீழாக ஓடுவதுமே இதற்குக் காரணம்.

ராடு கட்டுவதற்கென்றே விற்கும் நூலில் ஏ என்பது மெல்லியது, டி அதைவிடத் தடித்தது, ஈ இன்னும் தடித்தது. குடியாத்தத்துத் தறிக்காரர் சொல்லும் பருத்தி நூல் நம்பரிலோ எண் ஏற ஏற நூல் மெலியும். ஆரணியில் பட்டுக்குச் சொல்லும் டெனியர் என்பது 9,000 மீட்டர் இழையின் எடையைக் கிராமில் குறிப்பது; அங்கே எண் ஏறினால் இழை தடிக்கும். ஆம்பூர்ப் பக்கம் ஷூ தைக்கும் நூலின் டிக்கெட் எண் மறுபடியும் தலைகீழ். 20-ஐவிட 40 மெல்லியது. டெனியர் ஒன்றாகவே இருந்தாலும் தடிமன் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நைலான் பாலியஸ்டரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடைக்குச் சற்றுப் பருத்திருக்கும். முறுக்கு தளர்ந்திருந்தால் இன்னும் பருக்கும். எனவே லேபிளைப் பார்த்து முடிவு செய்வதைவிட, இரண்டு நூல்களையும் ஒரே குச்சியில் சுற்றி அளப்பதே நம்பகமானது.

வழவழப்பான உருண்டைக் குச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த ராடின் துண்டு கிடைத்தால் அதுவே சிறந்தது, ஆறு பட்டைப் பென்சில் கூடாது. நூலைத் தடித்த நோட்டு ஒன்றின் தாள்களுக்கு நடுவே விட்டு, மேலே கனம் வைத்து இழுத்தால், இழுவிசை கடைசிவரை ஒரே சீராக இருக்கும். நூலின் முனையைக் குச்சியில் ஒட்டிவிட்டு, சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், சரியாக 50 சுற்றுகள் சுற்றுங்கள். ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை நகத்தால் மெல்ல நெருக்கினால் போதும். அழுத்தித் தள்ளினால் இழை நசுங்கி அளவு குறைந்து காட்டும். சுற்றிய அகலத்தை 50-ஆல் வகுத்தால் தடிமன் வந்துவிடும்: அகலம் 10 மி.மீ. என்றால் நூல் 0.2 மி.மீ. பக்கத்திலேயே அடுத்த நூலையும் 50 சுற்று சுற்றி வைத்தால், கணக்குப் போடும் முன்பே கண் வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

இந்த அளவு நூல் வாங்கும் கணக்குக்கும் உதவும். 8 மி.மீ. குறுக்களவுள்ள இடத்தில் 25 மி.மீ. நீளத்துக்குக் கட்ட, 0.2 மி.மீ. நூலில் 125 சுற்றும் ஏறத்தாழ மூன்று மீட்டர் நூலும் வேண்டும்.

ஜிலேபி, கெண்டை, நடுத்தர விரால் ஆகியவற்றுக்கான மெல்லிய ராடுகளுக்கு ஏ நூலே போதும் என்பது என் கருத்து. அது வளையத்தின் கால்மீது, அதாவது ராடில் படியும் அதன் தட்டையான அடிப்பகுதிமீது, படிந்து ஏறும், கட்டின்மேல் பூசி இறுகவிடும் பிசினான எபாக்ஸி குறைவாக இருந்தாலே மூடிக்கொள்ளும், நுனியில் பாரமும் ஏற்றாது. டி நூல் கட்டுவதற்கு விரைவானது, உராய்வையும் நன்கு தாங்கும். ஆனால் சுற்றுகளுக்கு இடையே பள்ளம் ஆழமாக இருப்பதால் எபாக்ஸி கூடுதலாகப் பிடிக்கும். கடலில் வீசும் கனத்த ராடுகளுக்கு அது பொருந்தும்.

தடிமன் ஒத்துப்போனாலே நூல் ஒத்துப்போகும் என்று நினைத்து நான் ஒருமுறை ஏமாந்தேன். ஷூ தைக்கும் நூல் ஒன்று அளவில் டி நூலுக்கு அப்படியே இணையாக இருக்கவே, ஒரு ராடு முழுவதையும் அதிலேயே கட்டி முடித்தேன். எபாக்ஸி பூசியபோது அது பரவாமல், சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர்போல முத்து முத்தாக நின்றது. தையல் எந்திரத்தில் ஊசி சூடேறாமல் ஓடுவதற்காக அத்தகைய நூலில் மெழுகோ சிலிக்கானோ தடவியிருப்பார்கள். கட்டிய அத்தனையையும் பிளேடால் அறுத்தெடுக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. சாதாரணத் தையல் நூலில் வேறொரு தொல்லை: அதன் பிசிறு தடிமனை அதிகமாகக் காட்டுவதோடு, பூச்சுக்கு வெளியே முள்போல நீட்டிக்கொண்டும் நிற்கும்.

ஆகவே அளந்த குச்சியை எறிந்துவிடாமல், அதன்மீதே எபாக்ஸி பூசி, ஒரு நாள் காயவிடுங்கள். சாதாரண நைலான் நூல் நிறம் இருண்டு கண்ணாடிபோல ஆகிவிடுவதும் அப்போதுதான் தெரியும். அது பிடிக்காவிட்டால் நிறம் மாறாத வகை நூலைக் கேட்டு வாங்கலாம், அல்லது எபாக்ஸிக்கு முன் நிறங்காக்கும் திரவத்தைப் பூசலாம்.