வகுப்பறையில் மாலை ஆன்ம ஆய்வு நடத்தும் முறை

1548இல் சிசிலியின் மெசினா நகரில் பள்ளி தொடங்கியது முதல் படிப்பையும் செபத்தையும் இணைத்தே நடத்திவரும் இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையின் ஆண்கள் பள்ளிகளில், அதன் நிறுவனர் புனித இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம ஆய்வை, அதாவது அன்றைய நாளை இறைவன் முன் திரும்பிப் பார்க்கும் செபத்தை, கடைசி மணிக்கு முன் 10 நிமிடங்களில் நடத்தலாம். மாணவர்கள் கண்மூடி அமர்ந்து, அன்றைய நன்மைகளுக்கு நன்றி கூறி, தம்மை உள்ளபடி காணும் அருளைக் கேட்கட்டும்.

அடுத்த பகுதிக்கே அதிக நேரம் வேண்டும்: காலை வழிபாடு, பாடவேளை, விளையாட்டுத் திடல் என்று நாளை வரிசையாக நினைவுகூரும்போது, தனியே அமர்ந்து உண்ட தோழனைக் கண்டும் விலகிப்போனேனா என்பது போன்ற ஒரு கேள்வி போதும். பதிலை வாய்விட்டுச் சொல்ல வற்புறுத்தாதீர்கள். கூச்சப்படும் பையன் பிறருக்குப் பிடித்த பதிலைத் தேடத் தொடங்கிவிடுவான்.

மன்னிப்பு வேண்டுதலும் நாளைக்கான ஓர் உறுதியும் சுருக்கமாக அமையலாம். பிற சமயத்து மாணவர்கள் மௌனத்தில் தம் வழக்கப்படி வேண்டிக்கொள்ள, ஏனையோர் கர்த்தர் கற்பித்த செபத்துடன் முடிக்கலாம்.